அழகாக எழுதப்பட்ட கொடுமையை ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி (ஒரு வாசகர்), 6 ஜூலை 2025

நோபல் பரிசுக்குப் பிறகு தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘ஹ்யூமன் ஆக்ட்ஸ்’ நாவலை வாங்கினேன். இரண்டாம் அத்தியாயத்தோடு மூடிவைத்துவிட்டேன். பிணக்குவியலில் கிடக்கும் ஒரு சிறுவனின் ஆவி பேசுகிறது. மொழி அத்தனை அழகு. எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்த அழகுதான். மோசமாக எழுதியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். நன்றாக எழுதிவிட்டதால் தூக்கம் போய்விட்டது. கொல்லப்பட்டவர்கள்மேல் நேர்த்தியான வாக்கியங்களை அடுக்குவது சரியா? அதை நாம் சாய்நாற்காலியில் உட்கார்ந்து ரசிப்பது சரியா? முழுவதும் படித்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

முழுவதும் படித்திருக்கிறேன். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றவர் கேட்கும் கேள்வி அது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

7 ஜூலை

அந்த நாவலில் அழகு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ராணுவம் மக்களைச் சுடும் இடத்தில் வாக்கியங்கள் வறண்டுவிடுகின்றன. யார் விழுந்தார், யார் ஓடினார், அவ்வளவுதான். ஆனால் முதல் அத்தியாயத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களின் முகத்தை இரண்டு இளம்பெண்கள் ஈரத்துணியால் துடைக்கிறார்கள், தலையைச் சீவிவிடுகிறார்கள். பள்ளிச் சிறுவன் டோங்ஹோ வெற்று பாட்டில்களில் மெழுகுவர்த்திகளைச் செருகி, நாற்றம் குறையட்டும் என்று ஒவ்வொரு தலைமாட்டிலும் வைக்கிறான். எழுத்து அங்கே நிற்கிறது, குனிகிறது, நேரம் எடுத்துக்கொள்கிறது. கொலையை அவர் அலங்கரிக்கவே இல்லை. துடைக்கும் கைகளுக்கு மட்டும்தான் அந்த மொழியைக் கொடுக்கிறார்.

இரண்டாம் அத்தியாயம் இதற்கு விதிவிலக்கு என்று சொல்வீர்கள். ஆமாம், அங்கே பிணக்குவியலே பேசுகிறது. ஆனால் அந்தச் சிறுவன் ஜோங்டே எதைப் பேசுகிறான்? பெரும்பாலும் தன் அக்காவைப் பற்றி. தம்பி படிக்க வேண்டும் என்று நூற்பாலை வேலைக்குப் போன பெண் அவள். தானும் மறுபடி படிக்க ஆசைப்பட்டு டோங்ஹோவின் பழைய பாடப்புத்தகங்களைக் கேட்டவள். அவளுக்குக் கொடுப்பதற்காகப் பள்ளியிலிருந்து கரும்பலகை அழிப்பானைப் பையில் போட்டுக்கொண்டு வந்த தம்பி இவன். கொன்றவர்கள் அவனைக் குவியலில் ஒரு உடலாக ஆக்கிவிட்டார்கள். பெயரும் அக்காவும் ஆசையும் உள்ள ஒருவனாக அவனைத் திரும்ப எடுத்துவர வேண்டும். அதைச் சாதாரண மொழியில் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

7 ஜூலை, மாலை

இது நடந்த கதையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நடந்தது. தென்கொரியாவின் குவாங்ஜு நகரம், 1980 மே 18 முதல் 27 வரை.

முந்தைய அக்டோபரில் அதிபர் பார்க் சுங் ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் சுன் டூ ஹ்வான் தலைமையிலான தளபதிகள் ராணுவத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். மே 17 அன்று ராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. மறுநாள் குவாங்ஜுவின் பல்கலைக்கழக வாசலில் மாணவர்களைப் பாராசூட் படையினர் அடித்து நொறுக்கினார்கள். அதைப் பார்த்த ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மே 21 பகலில், மாகாண அலுவலகத்தின் ஒலிபெருக்கியில் தேசியகீதம் ஒலித்த நேரத்தில், கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். பிறகு படை நகரத்தின் விளிம்புக்குப் பின்வாங்கியது. சில நாட்கள் நகரத்தை மக்களே நடத்தினார்கள். மே 27 விடியற்காலையில் ராணுவம் டாங்கிகளுடன் திரும்பி வந்தது. மாகாண அலுவலகத்தை விட்டுப் போக மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள். டோங்ஹோ அங்கேதான் இருந்தான்.

சுன் டூ ஹ்வானுக்கு 1996இல் மரண தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனை ஆனது. 1997 டிசம்பரில் மன்னித்து விட்டுவிட்டார்கள். 2021இல் இறக்கும்வரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

தேசியகீதம் ஒலித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். இறந்தவர்களின் பெட்டிகள்மேல் தேசியக்கொடி போர்த்தித் தேசியகீதம் பாடுகிறார்கள். நாட்டின் ராணுவமே கொன்ற பிறகு இதை ஏன் செய்கிறோம் என்று டோங்ஹோ கேட்கிறான். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் உன்சுக் பதில் சொல்கிறாள்: கலகக்காரர்கள் அந்தத் தளபதிகள்தான், அவர்கள் எப்படி நாடு ஆவார்கள்? சிறுவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை. கொடி போர்த்தியவர்களுக்கு அந்த நம்பிக்கை தேவைப்பட்டது என்பது மட்டும் புரிந்தது.

9 ஜூலை

டோங்ஹோவின் பதிவேடு பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். புதிதாக வரும் ஒவ்வொரு உடலுக்கும் அவன் ஒரு எண் தருகிறான். ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, என்ன உடை, எப்படிப்பட்ட செருப்பு என்று குறித்துக்கொள்கிறான். பள்ளிப் பையனின் கையெழுத்தில் ஒரு நகரத்தின் இறந்தோர் பட்டியல்.

என் சித்தப்பா சாலை விபத்தில் இறந்தபோது அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நான் நின்றிருக்கிறேன். அங்க அடையாளங்களைச் சொல்லச் சொன்னார்கள். இடது புருவத்தில் தழும்பு என்றேன். வலதா இடதா என்று திடீரென்று சந்தேகம் வந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளிருந்து வந்த ஊழியர் என்னைப் பார்த்துவிட்டு, “இடதுதான் அம்மா, நான் பார்த்தேன்” என்றார். நாற்பது வயதுக்காரர், லுங்கி, கையில் கையுறை. எத்தனையோ உடல்களைப் பார்த்திருப்பவர், அந்தத் தழும்பையும் பார்த்து வைத்திருந்தார். உடலைக் கொடுக்கும்போது சித்தப்பாவின் சட்டையில் மேல் பொத்தானைப் போட்டுவிட்டிருந்தார்.

அந்தப் பொத்தானைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசியதில்லை. எப்படிப் பேசுவதென்றே தெரியவில்லை. டோங்ஹோ பதிவேட்டில் செருப்பின் வகையை எழுதும் இடத்தில் வந்தபோது சத்தம் போட்டு அழுதேன். இந்த நாவலை நான் ரசிக்கவில்லை, ஐயா. பேச வராமல் என்னிடம் கிடந்த ஒன்றை இது பேசிக் கொடுத்தது.

9 ஜூலை, இரவு

கொஞ்சம் இளைப்பாறலுக்கு. நான் அழுவதைப் பார்த்த என் மாமியார், “அழுவதற்குக் காசு கொடுத்தா புத்தகம் வாங்குவார்கள்? சாயங்காலம் டிவி போட்டால் இலவசமாகவே அழலாமே” என்றார். சிரித்துவிட்டேன். என்ன கதை என்று கேட்டார். ஆறாம் அத்தியாயத்தை மட்டும் சொன்னேன், டோங்ஹோவின் அம்மா பேசும் அத்தியாயம்.

ராணுவம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்த அம்மா மகனை அழைத்துவரப் போகிறாள். ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், அப்போது வந்துவிடுகிறேன் என்கிறான். இருட்டுவதற்குள் வந்துவிடு, எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தெருவில் அவனைப் போலவே நடக்கும் ஒரு பையனின் பின்னால் போகிறாள்.

மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார்: “உடலாவது கிடைத்ததா?” கிடைத்தது, தன் கையாலேயே புதைத்தாள், பிறகு அந்த மேட்டில் முளைத்த புல்லைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கினாள் என்றேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது, “அந்த அம்மா இன்னும் இருக்கிறாளா?” என்றார்.

12 ஜூலை

“அழகு துடைக்கும் கைகளுக்கு மட்டும்” என்று 7ஆம் தேதி எழுதியதற்கு வலுவான எதிர்ப்பு வந்திருக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் அப்படிப்பட்ட கைகளே இல்லை, வெறும் சித்திரவதைதான் என்கிறார் ஒருவர். சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்.

நான்காம் அத்தியாயம் 1990இல் நடக்கிறது. பேசுபவருக்குப் பெயர் இல்லை. மாகாண அலுவலகத்தில் பிடிபட்டவர். விசாரணை அறையில் சாதாரணப் பேனா ஒன்றை விரல்களுக்கு இடையில் வைத்து முறுக்கியது, பிறகு சிறையில் ஒரே தட்டுச் சோற்றை இரண்டு பேருக்குப் பங்கு வைத்தது. சோற்றுத் தட்டுதான் எனக்குப் பேனாவைவிடக் கொடுமையாக இருந்தது. எதிரில் இருப்பவன் ஒரு பருக்கை கூடுதலாக எடுக்கிறானா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சேர்ந்து போராடியவர்களை அந்தத் தட்டு மிருகமாக்கப் பார்க்கிறது. அடித்தவர்களுக்குத் தங்கள் வேலை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இங்கே அழகில்லைதான். இங்கே வேறொன்று இருக்கிறது. அவருடன் தட்டைப் பகிர்ந்த ஜின்சு பின்னாளில் தற்கொலை செய்துகொள்கிறான். அதைப் பற்றிப் பேசச் சொல்லி ஒரு ஆய்வாளர் வருகிறார். அந்த அத்தியாயம் முழுவதும் அவரிடம் சொல்லும் பேச்சு. ஆனால் சொல்பவர் கோபத்தோடு சொல்கிறார். நான் சொல்வதை வைத்து நீங்கள் எதைப் புரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்ற கேள்வியை ஆய்வாளர் முகத்தில் எறிகிறார்.

ஐந்தாம் அத்தியாயமும் இப்படித்தான். சோன்ஜு, முதல் அத்தியாயத்தில் உடல்களைத் துடைத்த இருவரில் ஒருத்தி, தையல் தொழிலாளி, இப்போது நடுவயதில் இருக்கிறாள். வேலை செய்யும் இடத்தில் மற்றவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குபவள். அவளுடைய சாட்சியத்தையும் பதிவு செய்து தரச் சொல்லி ஒருவர் கேட்கிறார். பதிவுக் கருவி இருக்கிறது, நாடாக்கள் இருக்கின்றன, அவளால் பேச முடியவில்லை. தனக்கு நேர்ந்ததை எந்தச் சொல்லால் சாட்சி சொல்வது என்று அவள் மனத்துக்குள் கேட்டுக்கொள்வதைத்தான் நாம் படிக்கிறோம்.

சாட்சி சொல்ல மறுப்பவர்களை வைத்தே ஒரு சாட்சிய நாவலை எழுதியிருக்கிறார் ஹான் காங். முதல் வாசகர் கேட்ட “இது சரியா” என்ற கேள்வியை நாவலின் மனிதர்கள் அவருக்கு முன்பே, அவரைவிடக் கடுமையாகக் கேட்டுவிட்டார்கள். அதை மூடி மறைக்காமல் நடுவிலேயே வைத்திருப்பதால்தான் இந்த எழுத்தாளரை நான் நம்புகிறேன்.

12 ஜூலை, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. நான்காம் அத்தியாயத்தில் ஒரு புகைப்படம் வருகிறது. முற்றத்தில் சிறுவர்களின் உடல்கள் நேர்க்கோட்டில் கிடக்கின்றன. யாரோ அடுக்கி வைத்தார்கள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அடுக்கவில்லை. பெரியவர்கள் சொன்னபடி கைகளை உயர்த்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வந்த வரிசையிலேயே சுடப்பட்டார்கள்.

இதில் ஒரு உவமை கிடையாது, ஒரு அடைமொழி கிடையாது. படித்துவிட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

16 ஜூலை

பரிசு கொடுத்ததால்தான் பேசுகிறோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பரிசைவிட, அதை ஒட்டி 2024 டிசம்பர் 7 அன்று ஸ்டாக்ஹோமில் ஹான் காங் ஆற்றிய உரையைப் படியுங்கள்.

அவர் பிறந்த ஊர் குவாங்ஜு. 1980 ஜனவரியில், ஒன்பது வயதில், குடும்பத்தோடு சோல் நகரத்துக்குப் போய்விட்டார். படுகொலைக்கு நான்கு மாதம் முன்பு. பன்னிரண்டு வயதில் வீட்டுப் புத்தக அலமாரியில், பெயர் தெரியாதபடி திருப்பி வைத்திருந்த ஒரு புகைப்படத் தொகுப்பைப் பார்த்துவிடுகிறார். பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் ரகசியமாக அச்சிட்டது. சிதைக்கப்பட்ட முகங்கள். அதே தொகுப்பில் இன்னொரு படம்: காயம்பட்டவர்களுக்கு ரத்தம் கொடுக்க மருத்துவமனை முன்னால் முடிவில்லாமல் நிற்கும் மக்கள் வரிசை. இரண்டையும் செய்தது மனிதர்கள்தான், எப்படி என்று அந்தச் சிறுமியால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து வெளிச்சமான நாவல் ஒன்றை எழுத முயன்று, முடியாமல், இந்தக் கேள்விக்கே திரும்பி வருகிறார். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சாட்சியங்கள் கொண்ட தொகுப்பைத் தினமும் ஒன்பது மணி நேரமாக ஒரு மாதம் படித்ததாகச் சொல்கிறார். நாம் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் மூச்சுத் திணறுகிறோம்.

அந்தப் படிப்பில் மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கையே போய், நாவலைக் கைவிடும் இடத்துக்கு வந்துவிட்டாராம். அப்போது ஒரு இரவுப்பள்ளி ஆசிரியரின் நாட்குறிப்பு கண்ணில் படுகிறது. கடைசி இரவில் போகாமல் தங்கி இறந்துபோன இளைஞர். மனசாட்சி என்ற ஒன்று ஏன் என்னை இப்படிக் குத்துகிறது, எனக்கு வாழ ஆசையாக இருக்கிறது என்று கடவுளிடம் முறையிட்டு எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் நாவல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று தெரிந்தது என்கிறார். இறந்தவர்களை உயிரோடிருப்பவர்கள் காப்பாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அதைத் திருப்பிப் போடுகிறார்: உயிரோடிருப்பவர்களை இறந்தவர்கள் காப்பாற்ற முடியுமா?

தேதியைக் கவனியுங்கள். அந்த உரைக்கு நான்கு நாள் முன்பு, டிசம்பர் 3 இரவு, தென்கொரியாவில் மறுபடி ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போய், 190 வாக்குகளில் அதை ரத்து செய்தார்கள். சில மணி நேரத்தில் முடிந்தது. அறிவித்த அதிபர் யூன் சுக் யோல் 2025 ஏப்ரல் 4 அன்று பதவி இழந்தார். டிசம்பரில் அவர்மேல் பதவிநீக்கத் தீர்மானம் வந்தபோது ஹான் காங்கின் அந்தக் கேள்வியைச் சொல்லியே அவையில் பேசினார்கள்.

ஒரு நாவல் ராணுவத்தை நிறுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். குவாங்ஜுவை மறக்க விடாமல் தாய்மார்களும் மாணவர்களும் பத்தாண்டுக் கணக்கில் போராடினார்கள், அந்த நினைவுதான் அந்த இரவில் தெருவுக்கு வந்தது. நினைவை வைத்திருந்த பல கைகளில் இந்தப் புத்தகமும் ஒன்று. கடைசி அத்தியாயத்தில் டோங்ஹோவின் அண்ணன் எழுத்தாளருக்குச் சம்மதம் தரும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்கிறார்: என் தம்பியை இனி யாரும் அவமதிக்க முடியாதபடி நன்றாக எழுதுங்கள். நன்றாக எழுதுவது சரியா என்று இங்கே கேட்கப்பட்டது. இறந்தவனின் வீட்டார் கேட்டுக்கொண்டதே அதுதான்.

17 ஜூலை

எப்படிப் படிப்பது என்று சிலர் கேட்டதால்: இடைவெளி விடுங்கள். ஒரே மூச்சில் படித்தால்தான் அதன் பாரம் தெரியும் என்று எனக்கு முதலில் தோன்றியது. இப்போது அத்தியாய ஆண்டுகளைப் பார்க்கிறேன். 1980, 1985, 1990, 2002, 2010, 2013. நாவலே விட்டுவிட்டுத்தான் போகிறது. அந்த மனிதர்களுக்கும் ஒரே மூச்சில் எதுவும் முடியவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் உன்சுக் ஒரு பதிப்பகத்தில் வேலை செய்கிறாள். விசாரணையில் கன்னத்தில் ஏழு அறை வாங்குகிறாள். நாளுக்கு ஒரு அறையாக மறந்துவிட முடிவு செய்கிறாள். எனக்கு அதைவிட அழுத்தமாக நின்றது நீரூற்று. படுகொலை முடிந்த சில வாரங்களில் மாகாண அலுவலகத்தின் முன்னிருக்கும் நீரூற்றை மறுபடி திறந்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தவள், பொதுத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்தை அழைத்து, அதற்குள் எப்படித் தண்ணீர் விடலாம், நிறுத்துங்கள் என்கிறாள். மறுபடியும் மறுபடியும் அழைக்கிறாள். எடுப்பவர்களுக்கு அவள் குரல் பழகிவிடுகிறது. அன்று பள்ளி மாணவியாக இருந்தவளால் அரசாங்கத்திடம் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

சடங்கு முடிந்த வாரத்தில் தெருவில் யார் வீட்டிலாவது பாட்டுச் சத்தம் கேட்டால் எழும் கோபம் எனக்குத் தெரியும். அவர்கள்மேல் தவறில்லை என்றும் தெரியும். உன்சுக்கின் கோபம் அதே இடத்திலிருந்து வருகிறது, ஆனால் அவளுக்கு எதிரில் நிஜமாகவே குற்றவாளி இருக்கிறான்.

20 ஜூலை

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி புத்தகத்தை எடுத்து நான்காம் அத்தியாயம்வரை வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ஐந்தாவதைப் பற்றி அவர் மனைவி எச்சரித்தாராம், அதைத் தாண்டிப் போகலாமா என்று கேட்கிறார்.

தாண்டிப் போங்கள். அதில் பெண்ணுடல்மேல் நடத்தப்பட்ட சித்திரவதை வருகிறது, சில வரிகள்தான், ஆனால் அவை போகாது. உங்கள் வீட்டில் அதைப் படித்துத் தூக்கம் கெட்டவர் இருக்கிறார் என்றால் இரண்டாவதாக ஒருவர் கெடுத்துக்கொள்ள அவசரமில்லை. சோன்ஜுவே அந்த நாடாவில் பேசாமல்தான் விட்டாள். ஆறாவது அத்தியாயத்தைப் பகலில், வீட்டில் யாராவது இருக்கும்போது படியுங்கள். ஏழாவதில் எழுத்தாளரே வருகிறார், டோங்ஹோவின் குடும்பம் குடியிருந்தது ஒரு காலத்தில் தன் குடும்பம் விற்றுவிட்டுப் போன வீடு என்று அங்கே சொல்கிறார். அதையும் முடித்துவிட்டு, மனம் இருந்தால் ஐந்துக்குத் திரும்பி வாருங்கள். இல்லையென்றால் மனைவியிடம் கேளுங்கள், அவர் எவ்வளவு சொல்ல விரும்புகிறாரோ அவ்வளவு சொல்லட்டும்.